வெட்டி வேலையும் இத்தாலி வேலையும்

முதல்லயே சொல்லிடறேன், இத்தாலி மேல எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பீட்சா கூட சாப்பிடுவேன் :-) என் கோபம் 'சேவை'ங்கற ஒரு வார்த்தை மேல. அந்த வார்த்தையை எங்க வேணா ஒட்டிக்கலாம்னு ஆகிப்போச்சே, அதுமேலதான்.

மேட்டர் இதுதான். எங்க அக்கா பையன் இன்ஜினியரிங் முடிச்சு ரெண்டு வருஷம் வேலையும் பார்த்துட்டான். இப்ப வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் இத்தாலி கிராமத்துல 'வாலண்டியர்' ஆகப் போறானாம். அங்க இலையுதிர் காலத்துல திராட்சை அறுப்பு, அது முடிஞ்சா ஆலிவ் பறிப்பு, அப்புறம் குளிர்ல விறகு பிளக்கறது, மாட்டுக் கொட்டாய் கழுவறது. சம்பளம் இல்லை, சாப்பாடும் தங்கற இடமும் மட்டும். வீட்டுல எல்லாருக்கும் பெருமை தாங்கலை. 'பையன் சோஷியல் சர்வீஸ் பண்ண ஃபாரின் போறான்'னு தெரு பூரா சொல்லியாச்சு.

இதே பையன் போன ஐப்பசியில, எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கற கால்வாய்ல மண்வெட்டியோட இறங்கினப்ப இதே வீட்டுல என்ன சொன்னாங்க தெரியுமா? 'படிச்ச பையன் இப்படி வெட்டி வேலை பார்த்துக்கிட்டு திரியறியே, தெருவுல நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க?'

மண்வெட்டி ஒண்ணுதான், சம்பளம் இல்லாததும் ஒண்ணுதான். அங்க செஞ்சா சேவை, இங்க செஞ்சா வெட்டியா? என்ன கொடுமை சார் இது!

சரி, கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

இந்தப் பண்ணை வாலண்டியர் வேலைக்கு உலகம் பூரா இருக்கற பெரிய வலைப்பின்னலோட பேரு வூஃப். 1971 இலையுதிர் காலத்துல இங்கிலாந்துல ஆரம்பிச்சது. லண்டன்ல செக்ரட்டரியா வேலை பார்த்த சூ காப்பர்ட்டுக்கு, வாரக்கடைசியில கிராமத்துப் பக்கம் போகணும்னு ஆசை. பக்கத்து சஸ்ஸெக்ஸ்ல ஒரு பண்ணைக்கு ஒரு சின்ன கோஷ்டியா போய் வேலை செஞ்சுட்டு வந்தாங்க. அது பிடிச்சுப்போய் வளர்ந்து, இத்தாலி உட்பட எத்தனையோ நாட்டுக்குப் பரவிடுச்சு. ஒரு நாளைக்கு நாலுலேருந்து ஆறு மணி நேரம் வேலை, பதிலுக்கு சாப்பாடும் படுக்கையும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லலை. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தம்மா போனது ரயில் ஏறினா எட்டிடற பக்கத்து ஊருக்கு, அதுவும் வாரக்கடைசிக்கு. உலகத்தைக் காப்பாத்தறேன்னு யாரும் கிளம்பலை. நகரத்துல இருக்கறவங்க மண்ணைத் தொட்டுப் பார்க்க ஒரு வழி, அவ்வளவுதான்.

அதைக் 'கத்துக்கறது'ன்னு சொல்லு, கை தட்டறேன். 'ஊர் சுத்தறது'ன்னு சொல்லு, பொறாமைப்படறேன். 'சேவை'ன்னு சொல்லாதே. அடுத்தவன் திராட்சைத் தோட்டத்துல பழம் பறிச்சு, அந்தப் பழம் ஒயினாகி, அந்த ஒயின் காசாகி அவன் பைக்குப் போனா அது எந்த ஊர் சேவை? பண்டமாற்று அது. உழைப்பைக் குடுத்து அனுபவத்தை வாங்கிக்கறோம். கௌரவமான வியாபாரம்தான், ஆனா வியாபாரம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அதே இத்தாலியில, ரோமுக்குத் தெற்கே லத்தீனான்னு ஒரு மாவட்டம். அங்க காய்கறிப் பண்ணைகள்ல ஆயிரக்கணக்கான பஞ்சாபிக்காரங்க வேலை செய்யறாங்க. சேவைக்குப் போகலை, பொழைக்கப் போனவங்க. கூலி பத்தலைன்னு 2016 ஏப்ரல்ல ரோட்டுக்கு வந்து வேலைநிறுத்தம் பண்ணாங்க. அந்த வருஷமே கங்காணிகள் கூலியாளைச் சுரண்டறதைத் தண்டிக்க இத்தாலி ஒரு சட்டத்தைக் கடுமையாக்குச்சு, 199ம் எண் சட்டம். அப்புறமும் 2024 ஜூன்ல அங்க ஒரு பஞ்சாபி இளைஞனோட கை மெஷின்ல சிக்கித் துண்டாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாம அவர் தங்கியிருந்த இடத்து வாசல்ல கொண்டுபோய் போட்டுட்டாங்க. ரெண்டு நாள்ல செத்துப்போனார். இத்தாலி நாடே வெட்கப்பட்டுது, ஊர்வலம் போச்சு.

அதே நாடு, அதே வயக்காடு, அதே பாஸ்போர்ட். ஒருத்தன் காசு வாங்காம வேலை செய்யறான், அவனுக்கு 'வாலண்டியர்'னு பேரு, மத்தியானம் பண்ணைக்காரரோட ஒரே மேஜையில சாப்பாடு. இன்னொருத்தன் காசுக்கு வேலை செய்யறான், அவனுக்குக் கூலியும் சரியா வர்றதில்லை, மரியாதையும் வர்றதில்லை. வித்தியாசம் எங்க இருக்கு? வேலையில இல்லை. பிடிக்கலைன்னா 'போதும், கிளம்பறேன்'னு சொல்ற சக்தி யார்கிட்ட இருக்குங்கறதுல இருக்கு. வாலண்டியருக்கு திரும்பி வர டிக்கெட் இருக்கு. கூலிக்காரனுக்கு ஊர்ல கடன் இருக்கு.

இந்த 'முடியாதுன்னு சொல்ற சக்தி'யை ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்ப வர்றேன்.

இப்ப நம்ம வார்த்தைக்கு வருவோம். 'வெட்டி'.

வெட்டிப்பய, வெட்டிப்பேச்சு, வெட்டியா இருக்கான். இன்னைக்கு இதுக்கு அர்த்தம் உருப்படாதது. ஆனா சோழர் காலக் கல்வெட்டுகள்ல இது அடிக்கடி வர்ற சொல், அங்க அர்த்தமே வேற. கூலி இல்லாம ஊருக்கோ அரசுக்கோ கட்டாயமா செய்ய வேண்டிய உழைப்பு. ஏரிக் கரைக்கு மண் சுமக்கறது, கால்வாய் வெட்டறது, இதெல்லாம். வெட்டியான்ங்கற பேரும் அந்த வழியில வந்ததுதான். அதாவது கூலி இல்லாத உழைப்பு நம்ம வாயில 'பிரயோஜனம் இல்லாத வேலை'ன்னு ஆயிடுச்சு. ஒரு சமூகம் உழைப்பைப் பத்தி என்ன நினைக்குதுன்னு தெரிஞ்சுக்க இதைவிட என்ன சாட்சி வேணும்? காசு வந்தா வேலை, வராட்டி வெட்டி!

எங்க அம்மா தறிக்கு முப்பது வருஷம் தார் சுத்தினாங்க. பட்டுச்சேலைக்குக் கூலி சேலைக் கணக்குலதான் வரும், அது தறியில உக்கார்றவர் பேருல வரும். தார் சுத்தினவங்களுக்கு, பாவு புணைய உதவினவங்களுக்கு, கோர்வைச் சேலைக்குப் பக்கத்துல உக்காந்து கரை நாடாவை வாங்கித் தள்ளின பிள்ளைகளுக்குத் தனியா எந்தக் கணக்கும் இல்லை. பிள்ளையார்பாளையத்துல எந்த வீட்டுல வேணா கேட்டுப் பாருங்க. இவங்கள்ல ஒருத்தருக்காவது யாராவது 'வாலண்டியர்'னு சர்டிபிகேட் குடுத்தாங்களா? குடுக்க மாட்டாங்க. ஏன்னா அவங்களால 'முடியாது'ன்னு சொல்ல முடியாது.

'அப்ப நம்ம ஊர்ல நிஜமான ஒரு வருஷ சேவையே இருந்ததில்லையா?'ன்னு கேட்டா, இருந்திருக்கு. காஞ்சிபுரத்துலேருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். உத்திரமேரூர்.

குடவோலை முறைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், பரீட்சை எழுதிட்டு மறந்திருப்போம். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919லும் 921லும் வெட்டின சாசனங்கள். ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, பேரை ஓலையில எழுதி, குடத்துல போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்றாங்க. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். எவ்வளவு நாள்? 360 நாள். ஒரு வருஷம், அதோட சரி. எல்லாரும் 'ஜனநாயகம், தேர்தல்'னு சொல்லிப் பெருமைப்படறோம். எனக்கு அதைவிடப் பிடிச்சது அதுல இருக்கற நிபந்தனைகள். வயசு 35க்கு மேல 70க்குக் கீழ. கடைசி மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவன் திரும்ப வரக்கூடாது. முக்கியமா, வாரியம் செஞ்சுட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரு குடத்துக்குள்ளயே போகக்கூடாது. அவன் மட்டும் இல்லை, அவன் சொந்தக்காரன் பேரும் போகக்கூடாது.

இதுதாங்க சேவை. ஒரு வருஷம், ஒரு ஏரி, கடைசியில கணக்கு. போட்டோ இல்லை, பொன்னாடை இல்லை. ஒழுங்கா செய்யலைன்னா மச்சினன் பேரும் சேர்ந்து கெடும் :-)

உடனே ஒருத்தர் எழுந்திருப்பார்: 'அது பிராமணர் ஊர் சபை, நிலமும் வீடும் இருக்கற ஆம்பளைங்க மட்டும்தான், பெருமை பேசாதே.' வாஸ்தவம். அது சதுர்வேதி மங்கலம். கால் வேலி நிலம் வேணும், வேதம் தெரிஞ்சா அதுல பாதி போதும்னு சலுகை வேற. வாரியத்துல உக்காந்தவங்க வேற, சேத்துல இறங்கினவங்க வேற. இறங்கினவங்களுக்குத்தான் வெட்டி. பின்னாடி வெள்ளைக்காரன் அதையும் சட்டமாக்கினான். சென்னை மாகாணத்துல 1858ம் வருஷத்து முதல் சட்டமே அதுதான். ஏரிக் கரைக்கும் கால்வாய்க்கும் வழக்கமா செய்ய வேண்டிய உழைப்பைச் செய்யாதவன்கிட்ட பணமா வசூல் பண்ணலாம்னு எழுதி வெச்சான். ஊர் மனசுலேருந்து வந்திருக்க வேண்டியது தாசில்தார் கையிலேருந்து வந்தா அது குடிமராமத்தா, தண்டனையா?

அதனால ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இருந்ததை அப்படியே தூக்கிட்டு வாங்கன்னு நான் சொல்லலை. அதுலேருந்து ரெண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கறேன். சேவைன்னா ஒண்ணு, செய்யறவனுக்கு 'முடியாது'ன்னு சொல்ற உரிமை இருக்கணும். இல்லாட்டி அது வெட்டி. ரெண்டு, 'என்ன செஞ்சே, காட்டு'ன்னு கேக்கற உரிமை ஊருக்கு இருக்கணும். இல்லாட்டி அது டூர். உத்திரமேரூர்ல ரெண்டாவது இருந்தது, சேத்துல இறங்கினவனுக்கு முதலாவது இல்லை. எங்க பையனோட இத்தாலி ஏற்பாட்டுல முதலாவது இருக்கு, ரெண்டாவது இல்லை. அவன் அங்க என்ன செஞ்சான்னு எந்த ஊர் கேக்கும்? ஆலிவ் மரமா கேக்கும்?

இப்ப இங்க நடக்கற 'சேவை'களுக்கு வருவோம். இத்தாலியை மட்டும் அடிச்சுட்டு நம்மாளை விட்டா நியாயம் இல்லையே.

காலேஜ்ல என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24ல ஆரம்பிச்சது. ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், கிராமத்துல ஏழு நாள் முகாம். ஏழு நாள்ல என்னங்க நடக்கும்? முதல் நாள் தொடக்க விழா, கடைசி நாள் நிறைவு விழா. நடுவுல கோயில் மதிலுக்கு சுண்ணாம்பு, ஒரு மரக்கன்று. அந்த மரக்கன்றுக்கு எட்டாவது நாள் தண்ணி ஊத்தினது யாரு? அப்புறம் ஞாயித்துக்கிழமை உழவாரப் பணி. நல்லவங்க, பக்தியா வர்றாங்க, கோயில் பிராகாரத்துல புல்லு செதுக்கறாங்க. அப்பர் கையில இருந்த அதே உழவாரம். ஆனா கோயில் குளத்துக்குத் தண்ணி வர்ற வழி மதிலுக்கு வெளியில இருக்கு, அதுக்கு உழவாரம் போறதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? எங்கெங்கேயோ இருந்து பசங்க வந்தாங்க. இடுப்பளவு தண்ணியில பால் பாக்கெட், பிரட், போர்வைன்னு தூக்கிட்டு ஓடினாங்க. அந்தப் பசங்களை நான் கையெடுத்துக் கும்பிடறேன், அதுல கிண்டலே இல்லை. ஆனா வெள்ளம் டிசம்பர்ல பொறக்கலை. சித்திரையில தூர்ந்த கால்வாய்ல, ஆடியில அடைச்ச மதகுல, புரட்டாசியில யாரும் போய்ப் பார்க்காத கலங்கல்ல பொறந்தது. டிசம்பர்ல ஆயிரம் பேர் வந்தாங்க. அந்த வருஷம் சித்திரையில ஆறு பேர் வந்திருந்தா எத்தனையோ தெருவுல தண்ணி ஏறியிருக்காது.

இது ஏரி மாவட்டம்னு பேரு வாங்கின சீமை. தென்னேரி, உத்திரமேரூர் வைரமேகத் தடாகம், கொஞ்சம் தள்ளி மதுராந்தகம்னு பல்லவர், சோழர் காலத்துலேருந்து ஏரிங்களாலயே பொழைச்ச மண்ணு. ஏரிக்கு ஏழு நாள் சேவை போதாது. ஏரிக்கு ஒரு வருஷம் வேணும். கோடையில வண்டல் எடுக்கணும், ஆடி ஆவணியில வரத்துக் கால்வாய்ல முள்ளை வெட்டணும், ஐப்பசி கார்த்திகையில ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு கரையில நடந்து எலி வளை, கசிவு பார்க்கணும், தை மாசியில தண்ணிப் பங்கீட்டு சண்டையில நடுவுல நிக்கணும். ஒரு முழு சுத்து சுத்தினாத்தான் ஏரின்னா என்னன்னே புரியும். இத்தாலிக்காரன் 'ஒரு வருஷம் இருந்து பாரு, அப்பத்தான் பண்ணை புரியும்'னு சொல்றான்ல? நூத்துக்கு நூறு சரி. அதையேதான் நானும் சொல்றேன், இடம் மட்டும் வேற.

ஐப்பசி மழை எங்களுக்கு என்னன்னு நெசவு வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். குழித்தறியில காலை வைக்கற பள்ளத்துல ஈரம் ஊறும், சில வீட்டுல தண்ணியே நிக்கும். தெருவுல பாவு நீட்ட முடியாது. தீபாவளி ஆர்டர் முடிஞ்ச கையோட கூலி நிக்கும். கால்வாய் திறந்திருந்தா நாலு நாள் தறி நிக்கும், அடைச்சிருந்தா மாசம் பூரா நிக்கும். எங்க தெருவுக்கு ஒரு கால்வாய்னா, அது நாலு வாரக் கூலி சார்.

அதுக்காகத்தான் போன ஐப்பசியில நாங்க அஞ்சாறு பேரு இறங்கினோம். என்ன ஆச்சு? முதல் ஞாயிறு தெருக்காரர் ஒருத்தர் 'எந்தக் கட்சி?'ன்னாரு. ரெண்டாவது ஞாயிறு இன்னொருத்தர் 'எந்தத் தெரு ஆளுங்க?'ன்னாரு (அவர் என்ன கேட்டார்னு உங்களுக்குப் புரியும்). மூணாவது வாரம் ஒரு ஆபீஸ்லேருந்து ஆள் வந்து, அனுமதி இல்லாம வெட்டினா கேஸ் ஆகும்னாரு. அனுமதி குடுங்கன்னு மனு குடுத்தோம். மனு இன்னும் அங்கதான் இருக்கு, கால்வாய் போலவே அடைச்சுக்கிட்டு. வீட்டுல 'வெட்டி'ங்கற பட்டம் வேற.

இப்ப சொல்லுங்க, அந்தப் பையன் ஏன் இத்தாலி போக மாட்டான்? அங்க 'வா'ன்னு ஒரு வாசல் இருக்கு. எத்தனை மணி நேரம் வேலை, எங்க படுக்கை, அடிபட்டா இன்ஷூரன்ஸ் என்னன்னு எழுதி வெச்சிருக்கான். இங்க வாசலே இல்லை, சுவர் மட்டும் இருக்கு. தொண்டன்னா கட்சிக்காரன், சேவைன்னா சால்வை, வெட்டின்னா உதவாக்கரைன்னு எல்லா வார்த்தையையும் நாமே கெடுத்துட்டு, அவன் 'வாலண்டியர்'னு கடன் வாங்கினா அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? என் சண்டை அவனோட இல்லை. அவனுக்கு அங்க கை தட்டிட்டு இங்க கையைக் கட்டிப் போட்ட நம்மளோட.

'அங்க கத்துக்கிட்டு வந்து இங்க செய்யட்டுமே'ன்னு அக்கா சொல்றாங்க. செய்யட்டும், சந்தோஷம். ஆனா என்னத்தைக் கத்துக்கிட்டு வருவான்? ஆலிவ் கவாத்து காஞ்சிபுரத்துல ஆகாது. சாணி அள்றது கேவலம் இல்லைங்கறதை வேணா கத்துக்கிட்டு வருவான். அது பெரிய பாடம்தான், மறுக்கலை. ஆனா அந்தப் பாடம் அவனுக்கு ஏற்கனவே தெரியும். தெரியாதது நமக்கு. விமானம் ஏத்த வேண்டியது நம்மளைத்தான்.

'அவன் காசு, அவன் வருஷம், உனக்கென்ன?'ன்னு கேட்டா அதுவும் நியாயம். போகட்டும். ஆனா சும்மா டூரிஸ்ட் விசாவுல போய் ஒரு வருஷம் இருக்க முடியாது. ஷெங்கன்ல 180 நாளுக்கு 90 நாள்தான் கணக்கு, மேல இருக்க தனி விசா வேணும், வூஃப் அதை வாங்கித் தராது. இதைக் கேட்டு, தெரிஞ்சு, முறையா போகட்டும். அப்படியே வழியில லத்தீனா பக்கமும் ஒரு தடவை போய், நம்ம நாட்டுக்காரன் எப்படி இருக்கான்னு பார்த்துட்டு வரட்டும். இத்தாலிக்கும் தமிழுக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. 1710 வாக்கில அங்கேருந்து வந்த பெஸ்கி, நம்ம வீரமாமுனிவர், கடைசிவரைக்கும் ஊர் திரும்பவே இல்லை. வந்தது மதம் பரப்ப, அதுல ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனா வந்த இடத்தோட மொழியைப் பேச, எழுத, அதுக்கு இலக்கணமே செய்யற அளவுக்கு இருந்தார். ஒரு சீசன் பழம் பறிச்சுட்டு 'அந்த மண்ணோட ஆன்மாவைத் தொட்டேன்'னு எழுதலை.

சும்மா திட்டிட்டுப் போனா நானும் வெட்டிதானே. அதனால கடைசியா ஒரு யோசனை.

ஒவ்வொரு ஊராட்சியிலயும் ஒரு ஏரிக்கு ஆறு பேர், ஒரு வருஷத்துக்கு. பேரு குடுக்கறது அவங்கவங்க இஷ்டம், கட்டாயம் கூடாது. ஆம்பளை, பொம்பளை, எந்தத் தெருவானாலும் சரி, நிலம் இருக்கோ இல்லையோ. குடத்துல சீட்டுப் போட்டு எடுங்க, சிபாரிசு வேண்டாம். மண்ணு சுமக்கற கூலி வேலைக்குக் கூலி குடுத்துடுங்க, அதை சேவைன்னு சொல்லி யார் வயித்துலயும் அடிக்காதீங்க. இந்த ஆறு பேர் வேலை, பார்த்துக்கறதும் எழுதி வெக்கறதும் கேள்வி கேக்கறதும். அவங்களுக்குக் கால்வாயைத் தொட எழுத்துல ஒரு அனுமதி குடுங்க. வருஷத்துல ஆறு கிராம சபை நடக்குது. அதுல மார்ச் 22 தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம். ஒண்ணு கோடைக்கு முன்னாடி, ஒண்ணு சரியா ஐப்பசி மழையில. அந்த ரெண்டு நாள்ல ஏரிக் கணக்கை சத்தமா படிக்கச் சொல்லுங்க. படிக்காதவன் பேரு அடுத்த குடத்துல கிடையாது. சொந்தக்காரனை விட்டுடலாம், பாவம் :-)

குடவோலைக் கல்வெட்டு இருக்கற உத்திரமேரூர் இன்னைக்குப் பேரூராட்சி. சட்டப்படி கிராம சபை அங்க கிடையாது. இதைவிடக் கிண்டலை யாரும் எழுதிட முடியாது. ஆனா சுத்தி ஊராட்சிங்க இருக்கு. அதுல ஒண்ணே ஒண்ணு இந்த வாசலைத் திறக்கட்டும். அக்கா பையன் இத்தாலி டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுவானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவனுக்குப் பின்னாடி வர்ற பத்துப் பசங்க மண்வெட்டியைத் தூக்கினா, 'வெட்டி'ன்னு சொல்ல எந்த வீட்டுக்கும் வாய் வராது.

டிஸ்கி: மழை வந்தாச்சு. உங்க தெரு கால்வாய் எங்க போய் முடியுதுன்னு இந்த ஞாயித்துக்கிழமை நடந்து போய்ப் பாருங்க. அதுக்கு விசா வேண்டாம்.